பாம்பன் கரையில் கரைந்த சிங்கம்

தெரியாது என்று சொல்லத் தெரியாதவளுக்கு வேலை சீக்கிரம் கிடைக்கும். மானமும் சீக்கிரம் போகும். எனக்கு இரண்டும் ஒரே வாரத்தில் நடந்தன.

ரங்கூனிலிருந்து என்னைப் பெற்ற அய்யாவும் நானும் பாம்பனுக்கு வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அங்கே நாடகக் கொட்டகைக்குத் திரைச்சீலை எழுதியவள் நான். இங்கே ஒரு பெண்ணை நம்பி யார் படம் எழுதச் சொல்வார்கள்? (நம்பிக் கையில் கொடுத்தது விளக்குமாறு ஒன்றைத்தான்.) நான் விடுவதாக இல்லை. புது வள்ளம் கட்டி முடித்திருந்த செபஸ்தியான் அண்ணன் முன்னால் போய் நின்றேன்.

"வள்ளத்துல படம் எழுதுவியா தாயி?"

"ரங்கூன்ல நான் எழுதுனதைப் பாக்கச் சனம் டிக்கெட் எடுத்து வரும்ணே." (வந்தது நாடகம் பார்க்க. என் திரை எப்போது விலகும் என்றுதான் காத்திருந்தார்கள்.)

"அப்ப எம்பேரை எழுதி, பக்கத்துல ஒரு சிங்கம் போடு."

ஆறு நாள் எழுதினேன். எனக்குத் தெரிந்த ஒரே முறையில், கலர்ப்பொடியைக் கோந்தில் கரைத்து எழுதினேன். திரைச்சீலை கடலுக்குப் போகாது, வள்ளம் போகும் என்ற நுட்பமான வேறுபாடு என் மூளைக்கு எட்டவில்லை.

வள்ளம் இறக்கும் நாளில் மாதா கோயில் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்தார். சிங்கத்தின் கண்ணிலிருந்து சிவப்பாக ஒரு கோடு இறங்கியது.

"சிங்கம் அழுவுது" என்றாள் ஒருத்தி.

ஆண்கள் தோள் கொடுத்துத் தள்ளினார்கள். வியர்வை பட்டு, செபஸ்தியான் என்ற பெயர் ஆளுக்கு ஓரெழுத்தாக அவர்கள் தோளில் ஏறிக்கொண்டது. முதல் அலையில் பிடரி போய்ச் சிங்கம் பூனையானது. இரண்டாவது அலையில் பூனையும் இல்லை.

அய்யா என் கையைப் பிடித்து இழுத்தார். "வா ஆத்தா, வீட்டுக்குப் போவோம்."

என் கால்கள் ரங்கூனுக்கே போகத் தயாராக இருந்தன. ஆனால் அன்று திரும்பி நடந்தால் பிறகு தூரிகையைத் தொட மாட்டேன் என்று எனக்குத் தெரியும். நனைந்து கரையேறிய செபஸ்தியான் அண்ணனிடமே போனேன்.

"நாளைக்கு வள்ளத்தைக் கரையில ஏத்துங்கண்ணே. திரும்ப எழுதித் தாரேன்."

"திரும்ப அழுவ விடுறதுக்கா?"

அவர் மனைவி ஞானம்மா குறுக்கே வந்தார். "குங்கிலியம் காச்சுன எண்ணெயில கரச்சு எழுதட்டும். பலகைக்கே அதைத்தான பூசுறோம்? முதல்லயே கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்." (கேட்கவில்லை. சனம் டிக்கெட் எடுத்துப் பார்த்த ஓவியக்காரி அல்லவா?)

ஊரே வேடிக்கை பார்க்க, வெயிலில் உட்கார்ந்து மறுபடி எழுதினேன். காய்ந்ததும் யாருக்கும் காத்திருக்காமல் நானே கடல் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றினேன். சிங்கம் அசையவில்லை. செபஸ்தியான் அண்ணன் ஈரத்துண்டால் அழுத்தித் தேய்த்து, துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சரி" என்றார். அதற்குப் பிறகு மண்டபம் வரைக்கும் என் தூரிகை படாத வள்ளம் குறைவு.

கதை மட்டும் கரையவில்லை. பல வருடம் கழித்து, என் மகளைக் கட்டிக்கொள்ள விரும்பிய பையன் எங்கள் வீட்டுக்கு வந்து, தன் உத்தியோகத்தைப் பற்றிப் பெருமையாகப் பேசிக்கொண்டிருந்தான். என் வீட்டுக்காரர் என் பக்கம் சாய்ந்து, "தண்ணி ஊத்திப் பாத்தியா?" என்று கேட்டார்.

பையன் காதில் அது விழுந்துவிட்டது. "பரவாயில்ல மாமா," என்றான் பணிவாக, "குடிக்கத்தான் கேக்கலாம்னு இருந்தேன்."