குணாவின் மீன் கடைக்கு நான் வாங்கிக் கொடுத்த தடையாணை

சட்டம் தெரியாதவன் யோசனை சொன்னால் பாதி நஷ்டத்தோடு தப்பிக்கலாம். முழு நஷ்டம் வேண்டுமென்றால் என்னைப் போல் கோர்ட்டிலேயே குப்பை கொட்டி, தலைமை எழுத்தராக ஓய்வு பெற்ற ஆள் வேண்டும்.

என் மனைவியின் தம்பி குணா, மாமல்லபுரத்தில் மீன் வறுவல் கடை வைத்திருந்தான். பெயர், பலகை, மசாலா எல்லாம் ஒரு சென்னை நிறுவனத்துடையவை, பிரான்சைஸ் எடுத்திருந்தான். எதிரே கடல். ஆனால் ஒப்பந்தப்படி மீன் சென்னையிலிருந்து ஐஸ் வண்டியில்தான் வர வேண்டும். (சதுரங்கப்பட்டினத்து மீனவர் மகன், உறைந்த மீனைச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தான்.)

ஒப்பந்தக் காலம் முடிந்தது. கடையை மூடுவதாகச் சொல்லி, பலகையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, ஒப்பந்தத்தோடு என்னிடம் வந்தான்.

"டிசம்பர் சீசனுக்கு நம்ம பேரையே மாட்டிரலாம் மாமா. இதுல இன்னாமோ தடைன்னு போட்டுகீது, பாரு."

பார்த்தேன். ஒப்பந்தம் முடிந்தும் இரண்டு வருடம் அதே ஊரில் அதே தொழில் செய்யக்கூடாது. செய்தால் நிறுவனம் உடனே தடையாணை கேட்கலாம். அந்த நஷ்டத்தைப் பணத்தால் ஈடுகட்ட முடியாது என்று குணா இப்போதே ஒப்புக்கொள்கிறான். அதாவது, நாளைக்கு அவன் கோர்ட்டில் சொல்ல வேண்டிய பதிலையும் அவர்களே எழுதி, கையெழுத்து வாங்கியிருந்தார்கள்.

"தூக்கிப் போடுடா. முடிஞ்சப்புறம் தொழில் பண்ணாதேங்கிற ஷரத்தே செல்லாது. ஒரு கேவியட் போட்டுடறேன். அப்புறம் உன்னைக் கேக்காம எந்த ஜட்ஜும் தடை குடுக்க முடியாது."

"மாமான்னா மாமாதான்!" என்றான். பாவம்.

கேவியட்டுக்கு ஒரு விதி உண்டு. யார் வழக்குப் போடுவார் என்று பயப்படுகிறோமோ, அவருக்கே பதிவுத் தபாலில் தெரிவிக்க வேண்டும். விதி என்றால் எனக்கு உயிர். புதுக் கடையின் பெயர், முகவரி, திறப்பு விழா நாள் எதையும் விடாமல் எழுதி அனுப்பினேன். (பத்திரிகை அடித்திருந்தால்கூட இவ்வளவு விவரம் இருந்திருக்காது.)

திறப்பு விழாவன்று முதல் வஞ்சிரம் எண்ணெயில் இறங்கியபோது, ஆட்டோவிலிருந்து கோர்ட் அமீனாவும் ஓர் இளம் வக்கீலும் இறங்கினார்கள். கையில் தடையாணை.

"கேவியட் இருக்கறப்ப எங்களைக் கேக்காம எப்படி வாங்கினீங்க?" என்று பாய்ந்தேன்.

"நீங்க போட்ட கேவியட் செங்கல்பட்டுக் கோர்ட்டுல இருக்கு சார். வழக்கு சென்னையிலதான்னு ஒப்பந்தத்துல அடுத்த வரியே சொல்லுதே." பிறகு குரலைத் தாழ்த்தி, "உங்க தபால் வரலைன்னா எங்களுக்கு விஷயமே தெரிஞ்சிருக்காது. ரொம்ப தேங்க்ஸ் சார்" என்றார்.

குணா அடுப்பை அணைத்தான். "நீ யாரு ஆளு மாமா? என் ஆளா, அவனுங்க ஆளா?"

வழக்கில் குணாதான் ஜெயித்தான். நான் சொன்ன சட்டம் சரிதான். தீர்ப்பு வந்தபோது அந்த இரண்டு வருடமும் முடிந்திருந்தது, அவ்வளவுதான். அதுவரை அவன் செய்யூரில் சவுக்குக்கட்டை லாரி ஓட்டினான்.

போன மாதம் குணாவின் மகளுக்கு நிச்சயதார்த்தம். எனக்கு அன்று காலைதான் சொன்னார்கள்.

"ஏன் முன்னாடியே சொல்லல?" என்று பந்தியில் மனைவியிடம் எகிறினேன்.

"சொல்லியிருந்தா, இதுக்கு முன்னாடி பொண்ணு பாத்துட்டுப் போன வூட்டுக்கெல்லாம் ஆட்சேபணை இருக்கான்னு தபால் போட்டிருப்பீங்க" என்றாள். பந்தியே சிரித்தது. மாப்பிள்ளை வீட்டார்கூட. அவர்களுக்கும் என் தபால் கதையை முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறார்கள்.