ஏழு நன்மைகள் பட்டாபிராமன்

உலகத்தில் நன்மை செய்கிறவர்கள் ஒரு ஜாதி. நன்மைகளை எண்ணிச் சொல்கிறவர்கள் இன்னொரு ஜாதி. முதல் ஜாதியைப் பார்க்க நீங்கள் அலைந்து திரிய வேண்டும். இரண்டாவது ஜாதி அந்தச் சிரமத்தை உங்களுக்கு வைப்பதில்லை; தானே வந்து, பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, விரலை மடக்க ஆரம்பித்துவிடும்.

புனேயில் எங்கள் மகர்பட்டா ஆபீஸில் இந்த ஜாதியின் தலைவர், அட்மின் மேனேஜர் பட்டாபிராமன். 2006 கோடையில், டேங்கர் லாரி வருமா வராதா என்று புனே முழுவதும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த நாட்களில், மூன்றாவது மாடி ஆண்கள் கழிப்பறையில் தண்ணீரே தேவைப்படாத யூரினல்கள் ஆறு வாங்கி மாட்டினார். அன்றோடு அவருக்கு வேறு பேச்சு அற்றுப்போயிற்று.

ஏழு நன்மைகள் என்பார். ஒரு யூரினல் வருஷத்துக்கு லட்சம் லிட்டர் தண்ணீரை மிச்சம் பிடிக்கும். டேங்கர்காரன் காலில் விழ வேண்டாம். ஃப்ளஷ் கிடையாது, ஆகவே ரிப்பேரும் கிடையாது. எதையும் கையால் தொட வேண்டாம், ஆகவே கிருமி ஒட்டாது. போர் தண்ணீரின் உப்புக் கறை படியாது. ஊருக்குள் கேம்ப் பகுதி பஜாரிலும் பஸ் ஸ்டாண்டிலும் வைத்தால் ஜனங்கள் மூக்கைப் பிடிக்காமல் நடக்கலாம். இதில் ஒன்றுகூடப் பொய் இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

அவருடைய லேப்டாப் பையில் லேப்டாப் இருக்குமோ இருக்காதோ, யூரினலின் அடியில் பொருத்துகிற கார்ட்ரிட்ஜ் ஒன்று கட்டாயம் இருக்கும். உள்ளே எண்ணெய் மாதிரி ஒரு திரவம் மிதந்து வாடையை மேலே வர விடாமல் மூடிக்கொள்ளும் என்பதை, ஒரு வீட்டு சத்யநாராயண பூஜையில், கேசரியைக் கையில் வைத்திருந்தவர்களிடம் அவர் விளக்கியதை நான் பார்த்திருக்கிறேன். ஆபீஸுக்கு வரும் விருந்தாளிகளுக்கு முதலில் கழிப்பறை தரிசனம், பிறகுதான் காபி. சரி, அவர் அந்த யூரினலை உபயோகிப்பாரா? மாட்டார். அவர் ஐந்தாவது மாடிக்குப் போவார். அங்கே பழைய மாதிரி தண்ணீர் வரும்.

இந்த ஜாதிக்கு இன்னொரு லட்சணம், கையெழுத்து. கழிப்பறைக் கதவுக்குப் பின்னால் ஒரு தாளைத் தொங்கவிட்டு, மணிக்கு மணி என்ன வேலை நடந்தது, யார் சொல்லி நடந்தது என்று ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர் ஜோசபின் எழுத வேண்டும், கீழே தான் கையெழுத்துப் போட வேண்டும் என்று சட்டம் போட்டவர் அவர்தான். போடுவார். படிக்க மாட்டார். ஒரு காதில் மொபைலை இடுக்கிக்கொண்டு, ஜோசபின் நீட்டுகிற தாளில் எல்லாம் போட்டுக்கொண்டே போவார்.

மும்பையிலிருந்து டைரக்டர் இந்த அதிசயத்தைப் பார்க்க வருகிற நாள். காலை எட்டு மணி. நான் கை கழுவிக்கொண்டிருந்தேன். பட்டாபிராமன் உள்ளே எட்டிப் பார்த்து, எல்லாம் பளபளவென்று இருக்க வேண்டும் என்று, தண்ணீர் விட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவச் சொன்னார். கேம்ப்பிலேயே ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்து வளர்ந்த ஜோசபின் கதவருகில் நின்றுகொண்டு தயங்கினார்.

"சார், தண்ணி ஊத்தக்கூடாதுன்னு நீங்கதானே செவத்துல ஒட்டி வெச்சிருக்கீங்க?"

"அது தினப்படிக்கு, ஜோசபின். இன்னிக்கு விசேஷம்."

"எத்தனை பால்டி சார்?"

"ஒண்ணொண்ணுக்கும் நாலு. பினாயிலும் விடச் சொல்லு."

தண்ணீரே வேண்டாத ஆறு யூரினல்களுக்கு இருபத்து நாலு வாளி அபிஷேகம் நடந்தது. வாடையை மூடிக்கொண்டிருந்த எண்ணெய், பினாயிலோடு சேர்ந்து சாக்கடைக்குப் போயிற்று. பதினோரு மணிக்கு டைரக்டர் லிஃப்டை விட்டு இறங்கியபோதே கைக்குட்டையை எடுத்துவிட்டார்.

பட்டாபிராமன் அசரவில்லை. எல்லாம் கான்ட்ராக்ட் ஆட்கள், சொன்ன பேச்சு கேட்பதில்லை, இன்றைக்கே அத்தனை பேரையும் மாற்றிவிடுகிறேன் என்று டைரக்டரிடம் சொன்னார். அத்தனை பேர் என்றால் ஜோசபினும் அவருக்குக் கீழே வேலை செய்யும் நாலு பெண்களும். எனக்கு ரத்தம் கொதித்தது. கொதித்ததே தவிர வாய் திறக்கவில்லை. அடுத்த வாரம் எனக்கு அப்ரைசல்.

ஜோசபின் கதவைச் சாத்தினார். பின்னால் தொங்கிய தாளைக் கழற்றி டைரக்டரிடம் கொடுத்தார். எட்டு மணிக் கட்டத்தில், குண்டு குண்டான ஆங்கிலத்தில், ஆறு யூரினலுக்கும் தலா நாலு வாளி தண்ணீர், பினாயில், சொன்னவர் பட்டாபிராமன் சார் என்று இருந்தது. அதற்குக் கீழே, அவர் பெருமையாகச் சுழித்துப் போடுகிற கையெழுத்து.

டைரக்டர் அதை இரண்டு தடவை படித்தார். பிறகு பட்டாபிராமனைப் பார்த்தார்.

வெட்கப்பட்டிருப்பார் என்று நினைக்கிறீர்களா? அப்படியானால் இந்த ஜாதியை நீங்கள் இன்னும் புரிந்துகொள்ளவில்லை. இது ஒரு சோதனை, தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகும் என்று நேரில் காட்டவே ஏற்பாடு செய்தேன், ஆகவே இது எட்டாவது நன்மை என்று அவர் விரலை மடக்கினார். டைரக்டர் ஜோசபின் பக்கம் திரும்பி, இதைச் சரிசெய்ய முடியுமா என்று கேட்டார். ஜோசபின் கையுறையை மாட்டிக்கொண்டு, கார்ட்ரிட்ஜ்களில் புது எண்ணெயை ஊற்றி, அரை மணியில் முடித்துக் காட்டினார். அவரையும் அந்த நாலு பெண்களையும் யாரும் மாற்றவில்லை. பட்டாபிராமனையும்தான்.

நீங்கள் சிரித்தது போதும். ஒன்று கேட்கிறேன். ஏழு நன்மைகள் என்று சொல்லிவிட்டு ஆறுதானே சொன்னான் என்று, மேலே படிக்கும்போது உங்கள் விரல் மடங்கியதா? மடங்கியிருந்தால், நாளைக் காலை உங்கள் ஆபீஸில் ஒரு ஜோசபின் ஏதாவது தாளை நீட்டும்போது, தயவுசெய்து அதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.