நலங்குக் கத்தி

"எங்கே வெச்சாலும் குத்துதும்மா!"

சிவஞானம் பெல்பாட்டம் பேண்ட்டின் இடுப்பில் கத்தியைச் செருகுவதும், உட்கார்ந்து பார்ப்பதும், "ஆ!" என்று எழுந்திருப்பதுமாக இருந்தான். மணி எட்டரை ஆகிவிட்டது. எமர்ஜென்சி சமயம். ஆபீசுக்குப் பிந்திப் போனால் சீட்டைக் கிழித்துவிடுவார்கள்.

"உங்கப்பாருக்குக் குத்துச்சா? இதே கத்தியத்தான் கல்யாணத்தப்ப இடுப்புல வெச்சிருந்தாரு" என்றாள் பாப்பம்மாள். மகன் கல்யாணத்துக்காகச் சேலத்திலிருந்து கரோல் பாக் வந்து இறங்கியிருந்த தாயார்.

"அப்பா வேட்டி கட்டியிருந்தாரும்மா. நான் பேண்ட்டு."

"அப்ப வேட்டி கட்டிக்கிட்டுப் போ."

முந்தின நாள்தான் அவனுக்கு நலங்கு வைத்து, மஞ்சள் பூசி, மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டியிருந்தார்கள். நலங்கு வைத்த மாப்பிள்ளை இரும்பு இல்லாமல் வாசல் தாண்டினால் காத்துக் கருப்பு பிடித்துக்கொள்ளும் என்பது பாப்பம்மாள் கட்சி. டில்லிப் பேய்க்குச் சேலத்து மாப்பிள்ளையை அடையாளம் தெரியுமா என்று கேட்டுப் பார்த்தான். "பேய்க்கு ஏதுடா ஊரு?" என்று வாயை அடைத்துவிட்டாள்.

"சாவிக்கொத்து போதாதா? அதுவும் இரும்புதானே?"

"பேய்க்கு வீட்டைத் தொறந்து விடப்போறியா? கேட்டுக்க கண்ணு. தாலி கட்டுற வரைக்கும் கத்தி உன் ஒடம்பை விட்டு எறங்கப்படாது. தொலைச்சுட்டு வந்தியோ, கல்யாணத்தை நிறுத்திப்போட்டு அடுத்த ரயிலுக்கு ஊருக்குப் போயிருவேன்."

செய்யக்கூடியவள்தான். அம்சவேணியோ ஏழு வருஷம் ஜாதகம் பார்த்து அலைந்து கிடைத்த பெண். போட்டோவிலேயே லேசாகச் சிரிப்பவள். ஒரு சாண் இரும்புக்காக அவளை இழக்கச் சிவஞானத்துக்கு மனசு வரவில்லை. சட்டையை வெளியே இழுத்துவிட்டுக்கொண்டு கிளம்பினான்.

பஸ்ஸில் நிற்கவே இடமில்லை. டிரைவர் ஒரு பிரேக் போட்டார். "ஐயோ!" என்று சிவஞானம் துள்ளியதில் சட்டை மேலே ஏறி, கத்தியின் மரப்பிடி வெளியே எட்டிப் பார்த்தது.

அதை ஒரு ஆள் பார்த்துவிட்டார். கறுப்புக் கண்ணாடி. கொளுத்துகிற ஜூன் வெயிலில் முழுக்கைச் சட்டை, மணிக்கட்டு வரை பட்டன். இந்த நெரிசலிலும் இடுப்பு வளையாமல் நிமிர்ந்து நின்றார். சந்தேகமே இல்லை, மஃப்டி போலீஸ்!

அவர் பிடியைப் பார்த்தார். பிறகு சிவஞானத்தின் மணிக்கட்டை உற்றுப் பார்த்தார். விலங்குக்கு அளவு எடுக்கிறார் என்று சிவஞானம் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

"பாயி சாப், ஏக் மினிட்..." என்றார் அவர்.

பஸ் நிற்பதற்குள் சிவஞானம் குதித்துவிட்டான். குதித்ததில் கத்தி இன்னொரு முறை குத்தியது. ஒரு குட்டிச்சுவருக்குப் பின்னால் ஒதுங்கி, கத்தியை எடுத்துப் பனியனுக்குள் முதுகுப்பக்கமாக இறக்கி, கர்சீப்பால் பனியன் பட்டையோடு கட்டினான். நிம்மதியாக நிமிர்ந்தால், சுவருக்கு மேலே கறுப்புக் கண்ணாடி!

எடுத்தான் ஓட்டம்.

ஆபீசில் முதுகை நாற்காலியில் சாய்க்க முடியவில்லை. குனியவும் முடியவில்லை. விறைப்பாக உட்கார்ந்து ஃபைல் பார்த்தான். அந்தப் பக்கம் வந்த செக்‌ஷன் ஆபீசர் கபூர் சாப் அப்படியே பூரித்துப்போனார்.

"எல்லாரும் சிவ்க்யானைப் பாருங்கள்! இதுதான் டிசிப்ளின்! ஷாபாஷ்!" என்று முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

'டொக்' என்றது முதுகு.

"க்யா ஹை யே? என்ன இது?"

"வாயு சார்" என்றான் சிவஞானம், வாய்க்கு வந்ததை. "பிடிச்சுக்கிச்சு. கட்டை வெச்சுக் கட்டியிருக்கேன்."

கபூர் சாப் பத்து வருஷத்து வாயு நோயாளி. இன்னொரு நோயாளி கிடைத்ததில் அவருக்குச் சொந்தத் தம்பியே கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. "அரே, முன்னாடியே சொல்லக் கூடாதா? சட்டையைக் கழற்று. என்னிடம் கடுகெண்ணெய் இருக்கிறது. ஜல்தி!"

"இதோ வந்துட்டேன் சார்" என்று சிவஞானம் பாத்ரூமுக்குள் புகுந்து தாழ்ப்பாள் போட்டான். அப்போதுதான் அந்த யோசனை வந்தது. பெல்பாட்டம்! கீழே ஒரு குடித்தனமே வைக்கலாம். கத்தியைக் கணுக்காலுக்கு மேல் வைத்துக் கர்சீப்பால் இறுக்கிக் கட்டினான். முதுகு சுத்தமாக வெளியே வந்தான். ஆனால் கால்தான் நொண்டியது.

"காலுக்கு இறங்கிவிட்டதா?" என்று துள்ளினார் கபூர் சாப். "அச்சா! வாயு கீழேதான் போகணும். இன்றைக்கு உனக்கு லீவு. வீட்டில் போய்ப் படு!"

வாழ்க்கையில் கேட்காமல் கிடைத்த முதல் லீவு. அதை வாங்கிக்கொண்டு வெளியே வந்தால், எதிர் டீக்கடையில் அந்த ஆள் விறைத்து நின்றுகொண்டு, கையைப் பின்னால் விட்டு முதுகைச் சொறிந்துகொண்டிருந்தார்.

சிவஞானம் நொண்டிக்கொண்டே வேகமாக நடந்தான். திரும்பிப் பார்த்தான். அந்த ஆள் அவன் காலையே பார்த்துவிட்டு, ஒரு வேப்பமரத்துக்குப் பின்னால் போனார். வெளியே வரும்போது அவரும் நொண்டினார்!

'அடப்பாவி, நொண்டி வேஷம் வேறயா!' சிவஞானம் நடையை இன்னும் எட்டிப் போட்டான். கத்தியோடு பிடிபட்டால் ஜெயில். ஜெயிலுக்குப் போனால் வேலை போச்சு, அம்சவேணியும் போச்சு. கத்தியைப் போட்டால்? அம்மா ரயிலேறிவிடுவாள், அப்போதும் அம்சவேணி போச்சு. இருந்தாலும் அம்மா காலிலாவது விழலாம், போலீஸ் காலில் விழுந்து என்ன பிரயோசனம்?

வழியில் ஒரு சாக்கடைப் பாலம் வந்தது. ஷூ லேஸ் கட்டுகிறவன் மாதிரி குனிந்து, கர்சீப்பை அவிழ்த்துக் கத்தியைக் கைப்பிடிச் சுவருக்கு அடியிலிருந்த ஓட்டை வழியாகத் தள்ளிவிட்டான். அப்பாவின் இடுப்பிலிருந்த கத்தி கறுப்புத் தண்ணீரில் 'ப்ளக்' என்று மறைந்தது. அழுகையே வந்துவிட்டது அவனுக்கு.

தோளில் ஒரு கை விழுந்தது.

"சார்! சத்தியமா என்கிட்ட ஒண்ணும் இல்லை சார்!" என்று தமிழிலேயே அலறிக் கையைத் தூக்கிவிட்டான் சிவஞானம்.

"நீங்க தமிழ்தான்னு கயித்தைப் பார்த்தப்பவே நினைச்சேன்!" என்றார் அந்த ஆள், மூச்சு வாங்கிக்கொண்டே. கண்ணாடியைக் கழற்றினார். முழுக்கைச் சட்டையின் பட்டனை அவிழ்த்து மேலே தள்ளினார். மணிக்கட்டில் புது மஞ்சள் கயிறு.

"என் பேரு ஜம்பு. எனக்கும் ஞாயித்துக்கிழமைதான் கல்யாணம். எங்கம்மாவும் கத்தியைக் குடுத்துட்டாங்க, எங்கே வெச்சாலும் குத்துது. நீங்க எப்படி வெச்சுக்கறீங்கன்னு பார்த்துக் கத்துக்கலாம்னு காலையில இருந்து பின்னாடியே வர்றேன். இடுப்பும் சரியில்லை, முதுகும் சரியில்லை, காலும் சரியில்லை."

அவர் சிவஞானத்தைத் தலையிலிருந்து கால்வரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். முகத்தில் பக்தியே வந்துவிட்டது.

"இப்ப எங்கே சார் வெச்சிருக்கீங்க? துளிக்கூட வெளிய தெரியலையே!"