பிள்ளை பார்க்க வந்த நோய்சொல்லி

யாழ்ப்பாணத்தில் நோய்சொல்லி என்று ஓர் இனம் உண்டு. புத்தகங்களில் தேடாதீர்கள், பக்கத்து வளவில் தேடுங்கள். குறிசொல்லியாவது கையை நீட்டச் சொல்வார். நோய்சொல்லிக்கு அதுவும் வேண்டாம். ஆளைக் கண்டால் போதும், வருத்தத்தைச் சொல்லிவிடுவார். பெரியவர்களிடம் அவருடைய தொழில் அவ்வளவாக எடுபடாது. உமக்கு இருமல் இருக்கிறது என்று சொன்னால், உம்முடைய இருமலைவிடக் குறைவு என்று திருப்பிச் சொல்ல அவர்களுக்கு வாய் இருக்கிறது. ஆகவே அவர் பச்சைப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கிறார். பிள்ளைக்கு மறுத்துப் பேசத் தெரியாது. தாய்க்கு நித்திரை இல்லை. தகப்பனுக்கு அனுபவம் இல்லை. இதைவிட நல்ல மேய்ச்சல் நிலம் எங்கே கிடைக்கும்?

நான் ஆஸ்பத்திரியில் பிள்ளைகளின் வாட்டில் தாதியாக, ஊர்ப்பேச்சில் மிஸியாக, வேலை செய்து இளைப்பாறியவள். அங்கே வந்த வருத்தங்களில் பாதி கிருமியால் வந்தவை. மீதி, பிள்ளை பார்க்க வந்தவர்களால் வந்தவை.

நோய்சொல்லி வருகிற முறையைக் கவனியுங்கள். பிள்ளை பிறந்து முப்பத்தொன்றாம் நாள் துடக்கு கழிந்த மறுநாளே படலையைத் திறந்துகொண்டு வந்து, செருப்பைக் கழற்றி, கால் கழுவி, சால்வையால் முகத்தைத் துடைத்து, தொட்டிலுக்கு மேலே குனிந்து, நாக்கைச் சொடுக்கிப் பிள்ளையைச் சிரிக்க வைத்து, தானும் சிரித்து, அந்தச் சிரிப்பைப் பாதியில் நிறுத்துவார். அங்கேதான் இருக்கிறது கலை. தாய் உடனே தொட்டிலடிக்கு ஓடி வருவாள்.

"ஏன் அண்ணை?" என்று கேட்பாள்.

"ஒண்டுமில்லை" என்பார்.

இதைவிடப் பயங்கரமான சொல் தமிழில் உண்டா? மூன்று தரம் கேட்ட பிறகுதான் அடுத்த வசனம் வரும். "சொல்லுறன் எண்டு பயப்பிடாதை தங்கச்சி. சண்டிலிப்பாயிலை ஒரு பிள்ளைக்கு உப்பிடித்தான் துவங்கினது." அந்தச் சண்டிலிப்பாய்ப் பிள்ளைக்குப் பிறகு என்ன நடந்தது? சொல்லமாட்டார். முகட்டைப் பார்த்து ஒரு 'ச்சொ' மட்டும் கொட்டுவார். காது சிறிதாக இருந்தாலும், மலம் பச்சையாகப் போனாலும், பிள்ளை அதிகம் அழுதாலும், அழவே அழாவிட்டாலும், எல்லாம் அந்த ஒரே சண்டிலிப்பாய்ப் பிள்ளைக்கு வந்தவைதான். அதன் பெயர் என்ன என்று நான் ஒருமுறை கேட்டேன். "பேரோ இப்ப முக்கியம், மிஸி?" என்று என்னிடம் கோபித்துக்கொண்டார்.

இப்படிக் கோபித்துக்கொண்டவர் மார்க்கண்டர். எங்கள் நீர்வேலியின் நோய்சொல்லி அவர்தான். கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆள் நல்ல பருமன். மனமும் நல்ல மனம். இதைக் கேலிக்குச் சொல்லவில்லை. கெட்ட மனம் உள்ளவன் மற்றவன் பிள்ளைக்காக இவ்வளவு நேரத்தைச் செலவழிப்பானா?

அவருடைய வளவுக்கு அடுத்த வளவில் தேவராசா இருக்கிறான். வாழைத்தோட்டக்காரன். பெண்சாதி கமலாவதி. எட்டு மாதத்தில் ஆரூரன் என்று ஒரு மகன், தலைச்சன் பிள்ளை. எங்கள் வீடுகள் இருக்கிற ஒழுங்கையிலே ஒழுங்காகப் பாடுகிற ரேடியோ அவர்கள் வீட்டில்தான் உண்டு. சண்டையில் கரண்ட் போய் மூன்று வருடம். பற்றரியை அரசாங்கம் குடாநாட்டுக்குள் வர விடுவதில்லை. ஆகவே செய்தி கேட்க எங்களுக்குக் காது மட்டும் போதாது, காலும் வேண்டும். சைக்கிளை ஸ்ராண்டில் ஏற்றி, டைனமோவிலிருந்து வயரை இழுத்து ரேடியோவில் கொடுத்து, ஒருவர் ஏறியிருந்து மிதிக்க, மற்றவர்கள் கேட்பார்கள். மிதி தளர்ந்தால் செய்தி வாசிப்பவர் சன்னி கண்டவரைப்போல முனகுவார். மிதி கூடினால் கத்துவார். பொழுதுபடும் நேரம் ஒழுங்கையில் உள்ள அரைவாசிச் சனம் அந்த முற்றத்தில்தான்.

மிதிக்கிற வேலையை மார்க்கண்டர் வேறு யாருக்கும் கொடுப்பதில்லை. "உங்கடை காலுக்கு நிதானம் இல்லை. செய்திக்கு ஒரு நிதானம் வேணும்" என்று சொல்லி, வேட்டியை மடித்துக் கட்டி, தானே ஏறிக் குந்திவிடுவார்.

அந்த ஆசனத்திலிருந்துதான் அவர் ஆரூரனின் நோயைக் கண்டுபிடித்தார்.

ஒரு நாள் செய்தி முடிந்து இறங்கியவர், பாயில் தலையணைக்கு அண்டையாக இருந்த பிள்ளையைப் பார்த்துச் சிரித்து, சிரிப்பைப் பாதியில் நிறுத்தினார். பிறகு, மூன்று தரம் கேட்ட பிறகு:

"பெடியன் தலையை ஆட்டுறதைக் கவனிச்சனியோ, தங்கச்சி?"

மறுநாள் எல்லோரும் கவனித்தார்கள். உண்மைதான். செய்தி தொடங்க, பிள்ளையின் தலை இடம், வலம், இடம், வலம் என்று ஆடத் தொடங்கியது. செய்தி முடிய நின்றது. அதற்கு அடுத்த நாளும் அப்படியே. பகலில் ஒன்றுமில்லை, குளிக்க வார்க்கும்போது இல்லை, நித்திரையில் இல்லை. விளக்கு வைக்கிற நேரம் மட்டும் வருகிற வருத்தம்! பயப்படாமல் என்ன செய்வது? ஒழுங்கைச் சனம் முழுவதும் சைக்கிளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாயைச் சுற்றிக் குந்தியது. நாட்டு நடப்பை யார் கேட்டார்கள்? எல்லோரும் பிள்ளையின் கழுத்தைப் பார்த்தார்கள்.

என்னையும் கூப்பிட்டார்கள். போனேன். நானும் முதுகைக் காட்டிக்கொண்டுதான் இருந்தேன். பேர் சொல்லிக் கூப்பிடத் திரும்புகிறானா? திரும்பினான். கண் சொருகுகிறதா? இல்லை. தவழ்கிறான், பிடித்ததைத் தின்கிறான், என் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்குகிறான். தலையாட்டம் எல்லாம் விளையாட்டு என்று நான் சொல்ல வரவில்லை. கூப்பிட்டாலும் திரும்பாமல், முழி ஒரு பக்கம் போய், உடம்பு வெட்டி இழுத்தால், இந்தக் கட்டுரையை வாசித்துக்கொண்டு நிற்காமல் ஓடுங்கள். இவனுக்கு அப்படி ஒன்றும் இல்லை. ஆனாலும் ஒருமுறை பெரியாஸ்பத்திரியில் காட்டுங்கள் என்றேன்.

காட்டினார்கள். டொக்டர் தட்டிப் பார்த்து, தூக்கிப் பார்த்து, வெளிச்சம் அடித்துப் பார்த்து, பிள்ளை சுகம், ஒரு மாதம் கழித்துக் கொண்டுவாருங்கள் என்று அனுப்பிவிட்டார்.

இத்தோடு முடிந்தது என்று நினைக்கிறீர்களா? நோய்சொல்லியை உங்களுக்கு இன்னும் பழக்கமில்லை.

"டொக்டர் எப்ப பார்த்தவர்?" என்று கேட்டார் மார்க்கண்டர்.

"காலமை, அண்ணை."

"அதுதானே! வருத்தம் வாறது பின்னேரம். அவர் பார்த்தது காலமை. பிறகு எப்பிடித் தெரியும்?"

முற்றம் முழுவதும் ஓமென்றது. பாவம், டொக்டர்.

பிறகு நாவூறு கழித்தார்கள். நூல் கட்டினார்கள். ஒருவர் வந்து பார்வை பார்த்து வேப்பிலையால் தடவினார். தலை ஆடியது. கடைசியில் மார்க்கண்டர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "தம்பி தேவராசா, கொழும்பிலை மூளையைப் படம் பிடிக்கிற மிசின் ஒண்டு இருக்காம். உதை வளர விடாமல் கொண்டுபோய்க் காட்டு. பிறகு யோசிச்சுப் பிரயோசனம் இல்லை."

கொழும்புக்குப் போவதென்றால் கிளாலியால் போக வேண்டும். இருட்டில், விளக்கில்லாமல், ஒரு வள்ளத்துக்குப் பின்னால் மற்ற வள்ளத்தைக் கட்டிக்கொண்டு, எந்த நேரம் நேவியின் வெடி வரும் என்று தெரியாமல் சனம் கடக்கிற நீரேரி அது. கடந்தவர்களும் உண்டு. மறுகரை சேராதவர்களும் உண்டு. கைக்குழந்தை அழுதால் பக்கத்தில் இருப்பவர் அதன் வாயைப் பொத்துவார். அந்தக் கடலுக்குள் தலையாட்டுகிற ஒரு பிள்ளையைக் கொண்டுபோக வேண்டும். அதுவும் தலையாட்டுகிறது என்பதற்காக.

தேவராசாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கமலாவதிக்குப் பால் வற்றத் தொடங்கியது. அடுக்களைக்குள் இருவரும் பிடித்த சண்டை என் வீட்டுக் கிணற்றடிக்குக் கேட்டது.

"டொக்டர் சுகம் எண்டு சொல்லிப்போட்டார். கடலுக்கை கொண்டுபோய்ப் பிள்ளையைச் சாக்காட்டப் போறியளோ?"

"இஞ்சை வைச்சிருந்து நாளைக்கு ஏதும் நடந்தால் ஆர் பொறுப்பு? நீயோ? மார்க்கண்டு அண்ணை என்ன, விசரோ?"

"அப்ப நான் விசரி!"

மூன்றாம் நாள் அவள் பிள்ளையின் துணிகளை மடிக்கத் தொடங்கினாள்.

குடாநாட்டை விட்டு வெளியே போக இயக்கத்திடம் பாஸ் எடுக்க வேண்டும். பாஸ் எடுக்க, போனவர்கள் திரும்பும்வரை இங்கேயே இருக்கிற ஒருவர் பிணை நிற்க வேண்டும். தேவராசா நேரே மார்க்கண்டரிடம் போனான். நோய்சொல்லியின் அழகை இந்த இடத்தில் பாருங்கள். வழி சொல்வார், வள்ளக்காரனின் பேர் சொல்வார், கொழும்பில் எந்தத் தெருவில் இறங்க வேண்டும் என்று சொல்வார்.

"பிணைதானே தம்பி? அதுக்கென்ன! ஆனால் என்ரை மூத்தவன் கனடாவிலையிருந்து எப்ப கூப்பிடுவான் எண்டு தெரியாது. பிணை நிண்டவனைப் பிறகு விடாங்கள், கண்டியோ."

மூத்தவன் கனடாவுக்குப் போய் ஏழு வருடம். இன்னும் கூப்பிடவில்லை. கடைசியில் தேவராசாவின் தமக்கை புருசன் வந்து கையெழுத்து வைத்தான்.

பயணத்துக்கு முதல் நாள் பின்னேரம் வழியனுப்ப நானும் போயிருந்தேன். பை கட்டி வாசலில் இருந்தது. முற்றத்தில் சனம். மார்க்கண்டர் சைக்கிளில். ஜாம் போத்தலுக்குள் திரி போட்ட விளக்கின் வெளிச்சத்தில் கமலாவதி பிள்ளையை மடியில் வைத்துக் கஞ்சி பருக்கிக்கொண்டிருந்தாள். தலை ஆடிக்கொண்டிருந்தபடியால் கரண்டி வாய்க்குப் போகாமல் கன்னத்துக்குப் போயிற்று. பிள்ளை சிணுங்கியது.

"உஸ்! கொஞ்சம் அமத்து தங்கச்சி, முக்கியமான செய்தி" என்றார் மார்க்கண்டர்.

அவளுக்கு எரிச்சல் வந்தது. பிள்ளையைத் தூக்கி, அடுக்களைப் பக்கம் முகம் பார்க்க, மடியில் மற்றப்பக்கம் திருப்பி வைத்தாள். தலையாட்டம் நின்றது. நாலு கரண்டி கஞ்சி நேரே உள்ளே போயிற்று. அந்தப் பக்கம் வெளிச்சம் போதவில்லை என்று திரும்பவும் இந்தப் பக்கம் வைத்தாள். ஆடியது. அடுக்களைப் பக்கம், நின்றது. இந்தப் பக்கம்; ஆடியது. கரண்டியைக் கோப்பைக்குள் போட்டுவிட்டு, பிள்ளை எங்கே பார்க்கிறதோ அங்கே தானும் பார்த்தாள்.

அங்கே மார்க்கண்டர் இருந்தார். வலக்கால் இறங்க உடம்பு வலப்பக்கம் சரிந்தது, உடம்போடு தலையும் போனது. இடக்கால் இறங்க எல்லாம் இடப்பக்கம் வந்தது. அந்தப் பருமனான ஆள் நாட்டு நடப்பு முழுவதற்கும் இல்லை, இல்லை, இல்லை என்று தலையாட்டிக்கொண்டிருப்பதுபோல இருந்தது.

"அண்ணை, நிப்பாட்டுங்கோ."

"என்ன?"

"மிதிக்கிறதை நிப்பாட்டுங்கோ!"

நிறுத்தினார். ரேடியோ செத்தது. "ஐயோ, குண்டு விழுந்தது எண்டவன், எங்கை எண்டு சொல்ல முந்தி!" என்று நாலு பேர் கத்தினார்கள். அவள் காதில் விழுத்தவில்லை. பிள்ளையின் தலை நின்றுவிட்டது.

"இப்ப மிதியுங்கோ."

மிதித்தார். ஆடியது.

"இப்ப தலையை ஆட்டாமல் மிதியுங்கோ பாப்பம்."

"நான் எங்கை தலையை ஆட்டுறன்?" என்றார் மார்க்கண்டர், ஆட்டிக்கொண்டே.

முற்றம் முழுவதும் அன்றைக்குத்தான் திரும்பி அவரைப் பார்த்தது. அவருக்கு ரோசம் வந்துவிட்டது. கழுத்தை விறைப்பாக்கினார்; கால் நின்றது, ரேடியோ முனகியது. காலை ஓட்டினார், தலை தன்பாட்டில் போனது. வேர்த்து வழிய இன்னொருமுறை முயன்றார். ஆரூரன் கைகொட்டிச் சிரித்தான். எட்டு மாதப் பிள்ளை, தன்னோடு இப்படி விளையாடுகிற பெரிய மனிதரை வேறு எங்கே கண்டது?

"இறங்குங்கோ அண்ணை" என்று சொல்லித் தேவராசா ஏறினான். அவன் மெலிந்தவன், முன்னுக்குக் குனிந்து குனிந்து மிதிக்கிறவன். பிள்ளை கொஞ்ச நேரம் அவனை உற்றுப் பார்த்துவிட்டு, ஓம், ஓம் என்று சொல்வதுபோல முன்னும் பின்னும் தலையாட்டத் தொடங்கியது.

சனம் சிரித்த சிரிப்பில் செய்தி எங்கேயோ போயிற்று. தேவராசா சிரிக்கவில்லை. இறங்கி, சைக்கிள் சில்லுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்துவிட்டான். கமலாவதி எழும்பிப் போய்ப் பையின் முடிச்சை அவிழ்த்தாள். பிள்ளையின் துணிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடியில் போட்டாள்.

"நாளைக்கு இந்நேரம் கடலுக்கை நிண்டிருப்பம்" என்றாள். தேவராசா தலையைத் தூக்கவில்லை.

நோய்சொல்லி வெட்கப்பட்டார் என்று எதிர்பார்ப்பீர்கள். அந்த இனத்துக்கு அந்த உறுப்பு இல்லை. சால்வையால் வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "அப்ப பெடியனுக்கு மூளை நல்ல விளக்கம். அவனிலை ஏதோ இருக்கெண்டு முதல்முதல் சொன்னது ஆர்?" என்றார். படலை வரை என்னோடு நடந்து வந்தவர், என் முகத்தைப் பார்த்துச் சிரித்து, பாதியில் நிறுத்தினார்.

"என்ன, மார்க்கண்டு?"

"ஒண்டுமில்லை மிஸி. உங்கடை இடக்கண் மற்றதைவிடக் கொஞ்சம் சின்னனாய்க் கிடக்கு. கவனிச்சனியளோ?"

"பிறந்த நாளிலையிருந்து அப்பிடித்தான்" என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து முகம் பார்க்கிற கண்ணாடியைத் தேடி எடுத்தேனா இல்லையா என்பது உங்களுக்குத் தேவையில்லாத கதை.

இனி உங்களிடம் வருகிறேன். மார்க்கண்டரை நினைத்து நன்றாகச் சிரித்தீர்கள், சந்தோசம். நேற்றுச் சந்தையில் ஒருவரைக் கண்டவுடன், சுகமா என்று கேட்க முதல், "என்ன, நல்லாய் வாடிப்போனீர்?" என்று கேட்டீர்களே, அது யார்? சும்மா கேட்டதுதான் என்பீர்கள். அன்பினால் கேட்டது என்பீர்கள். அந்த மனிதர் அரைக்கொத்தரிசியை வாங்க மறந்து வீட்டுக்குப் போய், மெலிந்துவிட்டேனோ என்று இடுப்புக் கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டுப் படுத்திருக்கிறார். பெண்சாதி பக்கத்தில் குந்திக்கொண்டிருக்கிறாள். போய் ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள். ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுபோங்கள். அதில் ஒன்றை உரித்து, போய்த் திரும்பி வரும்வரை உங்கள் வாய்க்குள் வைத்திருங்கள்.