சின்ன டையா, பெரிய டையா

கோபமாக இருக்கும்போது நான் எடுத்த எந்த முடிவும் இதுவரை உருப்பட்டதில்லை. கோபம் இல்லாதபோது நான் முடிவே எடுப்பதில்லை என்பதால் நிலைமை இன்னும் மோசம்.

பெரம்பலூரில் பிறந்து அரியலூரில் வாழ்க்கைப்பட்டவள் நான். கல்யாணமான மறுவருஷம் நானும் என் வீட்டுக்காரரும் ஜெயங்கொண்டம் சாலையில் ஹைட்ராலிக் ஹோஸ் கடை போட்டோம். டிராக்டர் டிரெய்லரைத் தூக்கும் எண்ணெய்க் குழாய் வெடித்துவிட்டால், புதிதாகச் செய்து தருவோம். குழாய் முனையில் இரும்பு ஃபிட்டிங்கைச் செருகி கிரிம்பிங் மெஷினில் நெரிக்க வேண்டும். குழாயின் தடிமனுக்கு ஏற்ற டை, அதாவது நெரிக்கும் அச்சு, மாட்ட வேண்டும். டை பெரிதாகிவிட்டால் பிடி தளர்ந்துவிடும். மெஷின் என் பொறுப்பு.

அதுதான் என் நாத்தனார் புருஷனுக்குப் பொறுக்கவில்லை. (முறைக்கு அண்ணன். வாயில் வருவது வேறு.) கடை திறந்த அன்றே, "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கும்மா மெஷினு? டீக்கடை வெச்சிருந்தா டீயாச்சும் கிடைக்கும்" என்று சபையில் சொன்னவர்.

என் கொழுந்தனாருக்கு வரதராஜன்பேட்டையில் நிச்சயதார்த்தம். வேன் கடை வாசலில் நிற்கிறது. எல்லோரும் பட்டும் வேட்டியுமாகத் தயார். மாமனார் மட்டும் ஏறமாட்டேன் என்கிறார். வேனுக்குப் பக்கத்தில் அவருடைய டிரெய்லர் நிறைய மக்காச்சோளம், மழை கருக்கிறது, பக்கத்துக் களத்துக் கொட்டகையில் கொட்டலாம் என்றால் ஹோஸ் வெடித்துக் கிடக்கிறது.

"சோளம் நனைஞ்சா நிச்சயம் நின்னு போச்சுன்னு வெச்சுக்குங்க" என்றார் மாமா.

பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மெஷினுக்குப் போனேன். பின்னாலேயே அண்ணன் வந்தார். என் கையில் இரண்டு டை.

"சின்னதப் போடும்மா."

"ஏன்?"

"பாக்க லட்சணமா இருக்குல்ல."

எனக்கு உச்சந்தலை கொதித்தது. லட்சணம் பார்த்து டை மாட்டச் சொல்கிற மனிதர் எனக்குப் பாடம் எடுக்கிறார்.

"பெருசுதாண்ணே சரி. இது என் வேலை."

"அளந்தாச்சும் பாரேன்."

மேஜை மேல் கண்ணெதிரே அளவுகோல் இருந்தது. அவர் சொல்லிவிட்டார் என்பதற்காகவே தொடவில்லை. பெரிய டையை மாட்டி நெரித்து, டிரெய்லரில் பொருத்தியும் விட்டேன். மாமா டிராக்டரில் ஏறி லீவரை இழுத்தார். வேடிக்கை பார்க்க மொத்தக் குடும்பமும் சுற்றி நின்றது. என் வித்தையைப் பார்க்கட்டும் என்று நான்தான் கிட்டே வரச் சொன்னேன்.

டிரெய்லர் ஒரு சாண் எழும்பியது. ஃபிட்டிங் பிடுங்கிக்கொண்டது. டிரெய்லர் தொப்பென்று உட்கார, எண்ணெய் பீய்ச்சி அடித்தது. யாருக்கும் காயமில்லை. ஆனால் மாப்பிள்ளை தலை முதல் கால் வரை எண்ணெய். அண்ணன் மேல் ஒரு சொட்டு இல்லை. (இதை எந்தச் சாமி கணக்கில் எழுதுவது?)

"நான் அப்பவே சொன்னனே" என்றார், வேட்டி மடிப்புக் கலையாமல்.

பல்லைக் கடித்துக்கொண்டு அளந்து பார்த்தேன். சின்ன டைதான் சரி. அதை மாட்டி மறுபடி நெரித்தேன். சோளம் கொட்டகைக்குப் போனது. மாமா வேனில் ஏறினார். மாப்பிள்ளைக்கு மட்டும் மாற்றுத்துணி இல்லை. வேன் டிரைவரின் இன்னொரு காக்கி உடுப்பைப் போட்டுக்கொண்டு நிச்சயத்துக்கு உட்கார்ந்தார்.

பெண்ணின் தகப்பனார் தயங்கித் தயங்கி, "மாப்ள போலீஸ்னு யாரும் சொல்லலீங்களே" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் முந்திக்கொண்டார். "போலீஸ் இல்லீங்க. எங்க வூட்டு மருமவ டை மாட்டுனதுல இப்படி ஆயிட்டாரு."

மொத்தப் பந்தலும் சிரித்தது. மணப்பெண்ணும்தான். அவள் அன்றைக்கே சம்மதித்துவிட்டாள் என்பதில் எனக்கு ஓரளவு பங்கு உண்டு என்று நான் சொல்லிப் பார்த்திருக்கிறேன். யாரும் ஏற்கவில்லை.

கடை இன்றைக்கும் நன்றாக நடக்கிறது. டையை அளக்காமல் மாட்டுவதில்லை. அண்ணன் மேல் கோபம் மட்டும் ஆறவில்லை. அவர் தப்பாகச் சொல்லியிருந்தால் என்றைக்கோ மன்னித்திருப்பேன். விவரமே தெரியாமல் சரியாகச் சொன்னவரை எப்படி மன்னிப்பது?

போன பொங்கலுக்கு, குழம்பில் உப்பு சரியாக இருக்கிறது என்று நான் அடித்துச் சொன்னேன். கொழுந்தனார் உடனே பெண்டாட்டி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நாலடி தள்ளிப்போய் உட்கார்ந்தார்.