சத்தம் போடாமல் ஒரு சைக்கிள் தேர்வு

"காப்பி குடிச்சியா?"

"ஒரே ஒரு கப்புதான்டீ" என்றாள் தோழி கென்சி.

டேரியா மெல்னிக் அந்தக் கப்பைப் பார்த்தாள். அதில் ஒரு குழந்தையைக் குளிப்பாட்டலாம்.

"நேத்து ராத்திரியே சொன்னேனா இல்லையா? காலையிலேருந்து காப்பி கூடாது, டீ கூடாது, சாக்லேட் கூடாதுன்னு?"

"வெளியில குளிர் என்ன கொஞ்சமாவா அடிக்குது? வாசல்ல கால் வெச்சதும் கை தானா வாங்கிடுச்சு."

வின்னிபெக்கில் ஜனவரி மாதம் இந்தச் சாக்கை எவரும் மறுக்க முடியாது. டேரியாவும் மறுக்கவில்லை. தலையில் மட்டும் அடித்துக்கொண்டாள்.

உடற்பயிற்சி அறிவியல் மூன்றாம் ஆண்டின் செய்முறைத் தேர்வு அன்றைக்கு. ஒரு ஆளைக் கூட்டி வர வேண்டும். அவர் மார்பில் துடிப்பை அளந்து கம்பியில்லாமல் திரைக்கு அனுப்பும் பட்டையைக் கட்டி, நிலைச் சைக்கிளில் உட்கார வைத்து, மிதிக்க மிதிக்க இதயம் எப்படி ஏறுகிறது என்று குறிக்க வேண்டும். அவ்வளவுதான். காப்பி குடித்தவனின் இதயம் சும்மாவே குதிக்கும் என்பதால் அவனைக் கிட்டவே சேர்க்க மாட்டார்கள்; தேர்வுக்கு முன்னால் எதையும் தின்னவும் கூடாது.

டேரியாவுக்கு இது இரண்டாவது தடவை. போன வருடம் பேராசிரியர் டாக்டர் ஹால்டர்சன் அவளை ஃபெயில் ஆக்கினார். அளவெடுத்ததில் ஒரு குறையும் இல்லை. குறை அவளுடைய குரலில் என்றார். "நீ பேசினா நோயாளி பயந்துடுவாங்கம்மா" என்று புன்னகையோடு சொன்னார். அந்த மனிதர் எதையும் புன்னகையோடுதான் சொல்வார். அவர் குரல் உயர்ந்து ஒருவரும் கேட்டதில்லை.

இந்தத் தடவையும் ஃபெயில் ஆனால் மே மாதம் ஆஸ்பத்திரியில் இதய நோயாளிகளோடு பயிற்சிக்குப் போக முடியாது. அந்தப் பயிற்சிக்காகத்தான் அவள் இந்தப் படிப்பிலேயே சேர்ந்தாள்.

கென்சிக்குப் பதிலாக ஆள் தேடி டேரியா கட்டிடத்தின் உள் நடைபாதைக்கு ஓடினாள். ஜன்னலோரம் நெடுநெடுவென்று ஒருவன் பஸ்ஸுக்காகக் காத்திருந்தான். கையில் சூரியகாந்தி விதைப் பொட்டலம், பிரிப்பதற்குத் தயாராக.

"நிறுத்துங்க!" என்று கத்தினாள்.

அவன் நிதானமாகத் திரும்பினான். "என்னைங்களா?"

"காலையில காப்பி குடிச்சீங்களா?"

"நான் காப்பியே குடிக்கறதில்லைங்க."

"பொட்டலத்தை இப்படிக் குடுங்க. பேரு?"

"மென்னோ ஃப்ரீசன். சரித்திரம் படிக்கறேன். வீடு அல்ட்டோனா பக்கம், உருளைக்கிழங்குப் பண்ணை. எதுக்குங்க?"

"சைக்கிள் ஓட்டத் தெரியுமா?"

"தெரியும். ஆனா இந்தப் பனியிலயா?"

அவனைத் தரதரவென்று சோதனைக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு வந்தாள். பாதி வழியில்தான் என்ன விஷயம் என்று விளக்கினாள். அவன் "ஓ, அப்படியா, செய்யலாமே" என்றான். பிறக்கும்போதே பாதித் தூக்கத்தில் பிறந்தவன் மாதிரி இருந்தான். டேரியாவுக்கு உயிர் வந்தது. இவனைப் பயமுறுத்த அவள் குரல் போதாது, ஒரு பீரங்கி வேண்டும்.

பட்டையைக் கட்டிச் சைக்கிளில் ஏற்றினாள். திரையில் எண் வரவில்லை. வெறும் கோடு. ஐயோ, இது வேறயா என்று அவள் திரையைத் தட்டிக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. காலை ஓட்டத்தை முடித்துக்கொண்டு ஹால்டர்சன் வந்தார். எண்ணும் வந்தது. தொண்ணூற்றாறு.

"சும்மா உட்கார்ந்திருக்கும்போதே தொண்ணூத்தாறா?" என்றார் அவர், புன்னகையோடு. "என்னம்மா பண்ணினே இந்தப் பையனை?"

"ஒண்ணும் பண்ணல சார்."

"நடைபாதையில யாரோ 'நிறுத்துங்க'ன்னு கத்தின மாதிரி இருந்ததே?"

"நான்தான். கத்தலேன்னா விதையைத் தின்னிருப்பார்."

எண் நூற்று இரண்டு ஆனது. ஹால்டர்சன் அதைப் பேனாவால் சுட்டிக்காட்டினார்.

டேரியா மென்னோவின் மணிக்கட்டைப் பிடித்து எண்ணினாள். நாடி நிதானமாக, பண்ணை வாசலில் மாடு அசை போடுகிற வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. "கையில அறுபத்தாறுதான் சார் இருக்கு. மெஷின் தப்பு."

"கை தப்பு பண்ணும். மெஷின் பண்ணாது."

"கையில பார்க்கச் சொல்லிக் குடுத்ததே நீங்கதானே சார்? அப்போ தப்பாவா சொல்லிக் குடுத்தீங்க?"

நூற்றுப் பத்து.

"பட்டை காஞ்சிருக்கும். தண்ணி தடவு" என்றார் அவர். தடவினாள். மென்னோ "ஜில்லுனு இருக்கு" என்றான். எண் அசையவில்லை.

அலமாரியிலிருந்து வேறு பட்டை எடுத்து மாற்றினாள். அதுவும் இதுவும் ஒரே வருடத்துப் பிறவிகள், ரப்பர் இழுத்தால் இழுத்தபடியே நின்றது. "துறைக்குப் புதுப் பட்டை வாங்கக் கூடாதா சார்? மாணவருங்க எத்தனை வருஷமா கேட்கறோம்?" என்றாள். அது வாய் தவறி வந்ததல்ல. வேண்டுமென்றே கேட்டாள்.

நூற்றுப் பதினேழு.

"பாத்தியா? நீ வாயைத் திறந்தா ஏறுது" என்றார் ஹால்டர்சன். பக்கத்தில் வந்து மென்னோவின் தோளில் கை வைத்தார். "பயப்படாதே தம்பி. நான் இருக்கேன்."

"எனக்குப் பயம் ஒண்ணும் இல்ல சார். கொஞ்சம் தூக்கம்தான் வருது."

"உள்ளுக்குள்ள பயந்திருக்கே. அது உனக்கே தெரியாது."

"அப்படியா?" என்று மென்னோ தன் மார்பைக் குனிந்து பார்த்தான். பயத்தை முதல் தடவையாகச் சந்திக்கிற ஆவல் அவன் முகத்தில் தெரிந்தது.

"டேரியா, நீ அந்த மூலையில போய் நில்லு."

போய் நின்றாள். எண் கொஞ்சம் இறங்கியது. ஹால்டர்சனின் புன்னகை விரிந்தது. அவள் திரையையே பார்த்தாள். இந்த மனிதன் சொல்வது உண்மையாக இருந்துவிட்டால்? தன் குரல் நிஜமாகவே ஒரு மனிதனின் இதயத்தை இந்தப் பாடு படுத்துகிறதோ? ஒரு நிமிஷம் அவளே நம்பிவிட்டாள்.

பிறகு மென்னோவைப் பார்த்தாள். கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தான்.

"சார், பயந்தவன் கொட்டாவி விடுவானா?" என்று மூலையிலிருந்தே கேட்டாள்.

நூற்று இருபத்து நான்கு.

ஹால்டர்சன் பேனாவை மூடினார். "சரிம்மா, ஒரு வழி சொல்றேன். இந்த எண்ணை எழுது. கீழே, 'என்னுடைய பேச்சு முறையால இவர் பதற்றமடைஞ்சார்'னு ஒரு வரி எழுது. தப்பை ஒத்துக்கிட்டதுக்காகப் பாஸ் போடறேன். மே மாசம் ஆஸ்பத்திரிக்குப் போ. எனக்கென்ன உன்மேல விரோதமா?"

வாசலில் நின்றிருந்த கென்சி, எழுதித் தொலையேன்டீ என்று கண்ணாலேயே கெஞ்சினாள். ஒரு வரி. ஒரே ஒரு வரிதான்.

"எழுத மாட்டேன் சார்."

"யோசிச்சுச் சொல்லு."

"யோசிச்சாச்சு. இவருக்கு அறுபத்தாறு. அதைத்தான் எழுதுவேன். நீங்க கேட்கற எண்ணை எழுதினா, நாளைக்கு நிஜமான நோயாளிக்கும் இப்படித்தான் எழுதுவேன். என் அப்பாவுக்கு இதயத்துல ஆபரேஷன் ஆச்சு. கட்டிலை விட்டு இறங்க மாட்டேன்னு அழுதாரு. அவரைத் திரும்ப நடக்க வெச்ச நர்ஸ், 'எந்திரிங்க, இப்ப எந்திரிக்கப் போறீங்களா இல்லையா'ன்னு வார்டே அதிரக் கத்தினாங்க. புன்னகை பண்ணின டாக்டருங்க எட்டிப் பார்த்துட்டுப் போனாங்க. நான் அந்த நர்ஸ் மாதிரிதான் ஆகணும்."

மென்னோ "நல்லாச் சொன்னீங்க" என்றான்.

நூற்று முப்பத்து மூன்று.

"மறுபடி ஃபெயில் ஆகறே" என்றார் ஹால்டர்சன். குரல் பட்டு மாதிரி இருந்தது. "காரணம் என்ன தெரியுமா? தன்னைக் கட்டுப்படுத்தத் தெரியாதவங்க அடுத்தவங்க இதயத்துல கை வைக்கக் கூடாது. முதல்ல அந்தப் பையனை வெளியில கூட்டிட்டுப் போ. இந்த நிலைமையில அவனை மிதிக்க விட்டா ஏதாவது ஆயிடும். நடைபாதையில உட்கார வை. ஒரு வார்த்தை பேசாதே."

மென்னோ இறங்கினான். "மிதிக்கவே இல்லையேங்க" என்று வருத்தப்பட்டான். டேரியா அவனோடு வெளியே வந்தாள். கண் எரிந்தது. அழுகையா ஆத்திரமா என்று அவளுக்கே பிடிபடவில்லை. கென்சி அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். மென்னோ அரிக்கிறது என்று சொல்லிச் சட்டைக்குள் கையை விட்டான்.

திறந்த கதவு வழியாக ஹால்டர்சன் தெரிந்தார். திரைக்கு எதிரே நின்று, அழகான கையெழுத்தில், அவசரமே இல்லாமல் எழுதிக்கொண்டிருந்தார். அந்த நிதானத்தைத்தான் டேரியாவால் பொறுக்க முடியவில்லை. கதவில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"நல்லாப் பெரிசா ஃபெயில்னு போடுங்க சார்! அடுத்த வருஷமும் வருவேன். அதுக்கடுத்த வருஷமும் வருவேன். இதே குரலோடதான் வருவேன். நீங்க ரிட்டயர் ஆகற வரைக்கும் இந்தக் கூடத்துல என் சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கும்!"

ஹால்டர்சன் திரும்பவில்லை. திரையில் எண் விறுவிறுவென்று ஏறி நூற்று நாற்பத்தாறில் நின்றது. அவர் அதைப் பார்த்து இரக்கத்தோடு தலையை ஆட்டினார்.

"பாரு, இன்னும் ஏறுது. பாவம் அந்தப் பையன். உன்னாலதான்."

மென்னோ டேரியாவுக்குப் பக்கத்தில் வந்து நின்று, கழற்றிய பட்டையைக் கையில் தூக்கிக் காட்டினான்.

"சார், என்னோடது இங்க இருக்கு. உங்க சட்டைக்குள்ளயும் ஒண்ணு கட்டியிருக்கீங்களா?"