ஜெபமாலையும் விதைக்கடலையும்

அன்னிக்கு எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணு. கடலை விதைக்கணும்.

டவுனுல சைக்கிள் கடை வச்சிருக்கிறவனுக்கு விவசாயம் எதுக்குன்னு கேப்பீங்க. ஆத்தூர்ல என் பொண்டாட்டி ஸ்டெல்லாவுக்குச் சீதனமா வந்த நிலம் கொஞ்சம் இருக்கு. கோடை மழை ஈரம் காயறதுக்குள்ள விதைச்சாகணும். அவளுக்கோ சொந்தத்துல ஒரு விசேஷம். இது தொண்ணூறுகள்ல, மாட்டு ஏரு ஓட்டுன காலம்.

"நான் பாத்துக்கிறேன்"னு நெஞ்சை நிமித்திச் சொன்னேன்.

"கோட்டை விட்டீங்க, நிலத்தை எங்கண்ணனுக்குக் குத்தகைக்கு விட்டுருவேன்"னா.

அப்படி ஆச்சுன்னா மச்சான் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் என்னைப் பாத்துச் சிரிப்பாரே! என்னால தாங்க முடியாது.

கடலை விதைப்புல ஒரு ஆபத்து உண்டு. ஏருக்குப் பின்னாடி பருப்பைப் போட்டுக்கிட்டே போற பொம்பளைங்க, மண்ணுக்கு ஒண்ணு, வாய்க்கு ஒண்ணுன்னு போடுவாங்க. சும்மா சொல்லக்கூடாது, விதைப்பருப்பு ருசி அப்படி.

திங்கக்கூடாதுன்னு சில பேரு சாம்பலைப் பெரட்டி வைப்பாங்க. எனக்கு அதைவிடப் பெரிய யோசனை வந்துச்சு. விதைக்க வந்தவங்க எல்லாம் நம்ம மாதா கோயில்காரங்க. ஜெபமாலை சொல்ல வச்சா வாய் எப்படி மெல்லும்?

கூட்டத்துக்குத் தலைவி சூசையம்மா சின்னம்மா. "சின்னம்மா, ஜெபம் சொல்லிக்கிட்டே விதைச்சா வெள்ளாமை நல்லா வரும்"னேன்.

ஏற இறங்கப் பாத்தாங்க. "மாப்ளைக்கு என்னைக்குல இருந்து இம்புட்டு பக்தி?"

ஆரம்பிச்சாங்க. நான் வரப்புல நின்னு பெருமையாக் கேட்டுக்கிட்டிருந்தேன். செத்த நேரத்துல எல்லார் கையில இருந்த விதைப்பெட்டியும் காலி! ஏரு பாதி தூரம்கூட வரல.

அப்பத்தான் உறைச்சுது. ஜெபத்துல முதல் பாதியை ஒரு கூட்டம் சொல்லும், மறுபாதியை இன்னொரு கூட்டம் சொல்லும். இவங்க சொல்லும்போது அவங்க மெல்லுறாங்க, அவங்க சொல்லும்போது இவங்க மெல்லுறாங்க!

"நிறுத்துங்க! முதல் பாதி நான் சொல்றேன். மறுபாதி எல்லாரும் சேந்து சொல்லுங்க"ன்னேன். பெட்டிங்கள மறுபடி ரொப்பிக் குடுத்துட்டு, விதைச்சாக்கைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டுக் கூடவே நடந்தேன்.

அவங்க சொல்லும்போது எனக்கு வேலை இல்ல. கை சாக்குக்குள்ள இருந்துச்சு. தரம் பாக்கலாமேன்னு ஒண்ணை வாயில போட்டேன்.

அப்புறம் ஒவ்வொரு மறுபாதிக்கும் தரம் பாத்தேன்.

"மாப்ளே, மேல சொல்லுங்க!"ன்னாங்க சின்னம்மா.

"ம்ம்"முக்கு மேல என்னால சொல்ல முடியல. அவங்களுக்குப் புரிஞ்சிருச்சு. ஆனா கேக்கல. அவங்க கன்னமும் உப்பித்தான் இருந்துச்சு.

மேற்கு ஓரத்துக்கு வாரப்போ சாக்கு காலி. ஓரம் வெறுமனே கெடக்கு!

சாயங்காலம் விசேஷ வீட்டு பிரியாணி வாளியோட ஸ்டெல்லா வந்தா. ஓரத்தைப் பாத்தா.

"விதை பத்தலையா?"

"நீ குறைச்சு எடுத்து வச்சிட்ட போல"ன்னேன், கூசாம.

வாளியைத் தொறந்தா. "எல்லாரும் சாப்பிட வாங்க."

"எனக்குப் பசிக்கல."

பிரியாணியை நான் வேணாம்னு சொல்லி அவ கேட்டதே இல்ல. சந்தேகமாப் பாத்தா.

"எங்களுக்கும் பசிக்கல, தாயி!"ன்னு பின்னாடி அம்புட்டு பேரும் ஒரே குரல்ல சொன்னாங்க. ஜெபத்துலகூட இந்த ஒத்துமை இல்ல.

அவ வயித்தைப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சா. நிலம் தப்பிச்சிருச்சுன்னு எனக்கு உசிரு வந்துச்சு.

மறுநாள் அந்த ஓரத்துல பருத்தி போடுங்கன்னுட்டு, மாடு திங்கிற பருத்திக்கொட்டையை மட்டும் தைரியமா என் கையில குடுத்துட்டுப் போனா.